வால்டர் அங்கிளுக்குக் கண்ணீர் அஞ்சலி

ஜனவரி 9, வியாழன்

மெயில் வந்துவிட்டது. மாணவர் குறும்பட விழாவுக்கு ‘இன்று மாலை அடக்கம்’ தேர்வாகியிருக்கிறது. பிப்ரவரி பதினைந்தாம் தேதி ஆழ்வார்பேட்டையில் திரையிடல். பஸ்ஸில் நின்றபடி படித்தேன். சந்தோஷப்பட்டேனா? பட்டேன். லஸ் கார்னரிலிருந்து சாந்தோம் வருவதற்குள் அது தீர்ந்துபோய்விட்டது.

ஏனென்றால் நாங்கள் அனுப்பியது அரைகுறைப் பிரதி. முழுப் படத்தை பிப்ரவரி எட்டாம் தேதிக்குள் தர வேண்டும். இரண்டு வேலை பாக்கி. கதை இவ்வளவுதான்: ஓய்வு பெற்ற ஒருவர் காலையில் பால் வாங்கப் போகிறார், எதிர்ச் சுவரில் அவருக்கே கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருக்கிறது. நின்று படிக்கிறார். அந்த போஸ்டரை நாங்கள் கலர் பிரிண்ட் எடுத்து செல்லோ டேப்பில் ஒட்டியிருந்தோம். சுந்தரராமன் சார் வகுப்பில் எல்லார் முன்னாலும், “ஏம்மா கரோல், இது சாவு போஸ்டரா, பர்த்டே கார்டா?” என்று கேட்டார். அதை மறுபடி எடுக்க வேண்டும். கடைசிக் காட்சி கடற்கரையில் எடுத்தது. காற்று இரைச்சலில், அந்த ஓய்வு பெற்றவராக நடிக்கிற வால்டர் அங்கிள் பேசிய வசனம் ஒன்றுமே கேட்கவில்லை. அதற்கு டப்பிங்.

இரண்டுக்கும் வால்டர் அங்கிள் வேண்டும். அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டால்? ஊருக்குப் போய்விட்டால்? எங்களுக்குக் கீழ் வீட்டில்தான் இருக்கிறார், எந்த ஊருக்கும் போகிறவர் இல்லை. இருந்தாலும்.

ஜனவரி 12, ஞாயிறு

பூசை முடிந்ததும் பிடித்துவிட்டேன். அங்கிள் பாடகர் குழுவில் கீழ் ஸ்தாயிக்காரர். பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவிட்டுத்தான் வருவார். விஷயத்தைச் சொன்னதும், “இன்னாம்மா, மறுபடியும் சாவணுமா? சரி, செத்துடுவோம்” என்றார். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பி.டி. மாஸ்டர். சாதாரணமாகப் பேசினாலே தெருக்கோடி வரை கேட்கும்.

பிறகு அங்கிள் வீட்டில் உட்கார்ந்து, போஸ்டரில் என்ன பெயர் போடுவது என்று நானும் ஜீஷானும் பேசிக்கொண்டிருந்தோம். ஜீஷான்தான் கேமரா. அங்கிள் குறுக்கே புகுந்து, “என் பேரையே போடு. வேற பேரு போட்டா யாரோ செத்த மாதிரி இருக்கும், எனக்கு நடிப்பு வராது” என்றார். போட்டோவும் அவரே எடுத்துக் கொடுத்தார், கழுத்தில் விசிலோடு ஒன்று. ஃப்ளோரா ஆன்ட்டி, அவருடைய தங்கை, டீ டம்ளரை ணங்கென்று வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஸ்டெல்லா ஆன்ட்டி இறந்த பிறகு அண்ணனைப் பார்த்துக்கொள்வதற்காக இங்கே வந்தவர். அவருக்கு இந்தப் படம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

ஜனவரி 15, புதன்

பொங்கல். பிரஸ் மூடியிருக்கிறது. நான் மட்டும்தான் ஊரில் கவலையாக இருக்கிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

போஸ்டர் தயார். ராயப்பேட்டையில் ஜீஷானின் மாமா சர்தார் பாய் பிரஸ் வைத்திருக்கிறார். மூன்று போதும் என்றோம். “அம்பதுக்குக் கொறச்சலா மெஷின்ல ஏத்த முடியாது பேட்டா” என்றுவிட்டார். கறுப்பு வெள்ளை, ஓரத்தில் பூ வரிசை, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி. ‘இறைவனில் இளைப்பாறினார். அடக்கம் இன்று மாலை 4 மணி.’ வாசகம் நான் எழுதியது. நிஜ போஸ்டர் மாதிரியே இருக்கிறது. இதைப் பார்த்து சார் என்ன சொல்கிறார் பார்ப்போம்.

ஒட்டுவதற்கும் மாமாவே ஆள் ஏற்பாடு செய்துவிட்டார். தனபாலன் என்று ஒருவர், இந்தப் பக்கத்துச் சாவு போஸ்டர் எல்லாம் அவர் ஒட்டுவதுதானாம். எங்கள் எதிர்ச் சுவரில் மூன்று, விடிவதற்குள்.

நாளைக்கு மேகம் போட்டால் என்ன செய்வது? குப்பை வண்டி சரியாக அந்த நேரம் வந்து நின்றால்?

ஜனவரி 18, சனி

மேகமும் இல்லை, குப்பை வண்டியும் இல்லை.

வரிசையாக எழுதுகிறேன். அப்போதாவது புரிகிறதா பார்ப்போம். விடிந்ததும் கேமராவை எங்கள் மொட்டை மாடியில் வைத்தோம். அங்கிருந்து எதிர்ச் சுவர், தெரு, முனை டீக்கடை எல்லாம் தெரியும். சுவரில் மூன்று போஸ்டர். பசை இன்னும் வழிந்துகொண்டிருந்தது. அவ்வளவு அழகு. நான் ஜீஷானின் கையைப் பிடித்துக் குதித்தேன், அது நினைவிருக்கிறது. அங்கிள் பால் பையோடு வந்தார், நின்றார், படித்தார். முதல் டேக்கே நன்றாக இருந்தது.

இரண்டாவது டேக்கில் மீன்கார அக்கா முனை திரும்பி வந்தாள். அங்கிளைப் பார்த்தாள். கூடையைப் போட்டுவிட்டு “மாதாவே!” என்று அலறினாள். நாங்கள் சிரித்தோம். கடவுளே, சிரித்தோம். பின்னாலேயே ஒரு ஆட்டோ வந்து நின்றது. வெள்ளைச் சட்டையில் நான்கு பேர், கையில் மலர் வளையம். அடுத்து இரண்டு பைக். அப்புறம் ஜெபமாலைக் குழுப் பெண்கள் கூட்டமாக. ஜீஷான் கேமராவை அப்படியே விட்டுவிட்டு ஓடினான், நானும் ஓடினேன்.

ஊர் முழுக்க ஒட்டியிருக்கிறது. சாந்தோம் மெயின் ரோடு, பட்டினப்பாக்கம் பஸ் ஸ்டாண்டு, மந்தைவெளி வரைக்கும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் வேறு போட்டிருக்கிறார்கள்.

தனபாலனுக்கு போன் போட்டேன். அது சினிமா போஸ்டர் என்று அவரிடம் யாருமே சொல்லவில்லை. நான் மாமாவிடம் சொன்னேனா? ஜீஷான் சொன்னானா? அவன் நான் சொல்லியிருப்பேன் என்று நினைத்திருக்கிறான். தனபாலன் என்னைத்தான் திட்டினார். “இன்னாம்மா நீ, ஒரு மன்சன் பூட்டாரு, மூணே மூணு ஒட்ட சொல்லிக்கீறீங்க. பாவம், வாத்தியாரா இருந்தவரு, நாலு பேருக்குத் தெரிய வேணாமா? மீதியை நானே ஒரு ரவுண்டு போய் ஒட்டிட்டேன். அதுக்குத் துட்டு கூட வேணாம்.” இவரிடம் நான் எப்படிக் கோபப்படுவது? தேங்க்ஸ் என்றேன். தேங்க்ஸ்!

அங்கிள்தான் எங்களைக் காப்பாற்றினார். நடுத்தெருவில் நின்று, “டேய், நான் சாகலடா! வந்தது வந்தீங்க, டீ குடிச்சிட்டுப் போங்கடா!” என்று கத்தினார். ஒரு வழுக்கைத் தலைக்காரர், பழைய மாணவராம், அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார். அங்கிள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். பிறந்த நாள் வீடு மாதிரி ஆகிவிட்டது. டீக்கடையில் பால் தீர்ந்துவிட்டது. ஃப்ளோரா ஆன்ட்டி மட்டும் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

பகல் முழுக்கச் சுவர் சுவராகச் சுரண்டினோம். “மச்சி, ப்ரொபஷனல் வேலை மச்சி, உரியவே மாட்டேங்குது” என்றான் ஜீஷான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நகக்கண்ணெல்லாம் பசை.

ஜனவரி 19, ஞாயிறு

முடிந்தது என்று நினைத்தேனே.

பூசை யாருக்காக என்ற கருத்துகளை வாசித்தது ஒரு சின்னப் பெண். கையில் கொடுத்த சீட்டை அப்படியே வாசித்தாள். “இன்றைய திருப்பலி, மறைந்த ஆசிரியர் வால்டர் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது.” யாரோ பழைய மாணவர் நேற்றுக் காலையே பூசைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். அவ்வளவு நல்ல மனசு. பாடகர் குழுவில் பாட்டுப் புத்தகத்தோடு அங்கிள் நிற்கிறார். முதலில் ஒரு மூலையில் சிரிப்பு, அப்புறம் கோவில் முழுக்க. ஃபாதர் இருமினார். அங்கிளும் சிரித்துத் தலைக்கு மேல் கையை ஆட்டினார்.

அடுத்த பாட்டில் அவர் குரல் கேட்கவில்லை. நான் காது கொடுத்துக் கேட்டேன். இல்லை. அம்மா என் தொடையைக் கிள்ளி, “திருப்தியா?” என்றாள்.

ஜனவரி 20, திங்கள்

அங்கிள் காலையில் நடக்க வரவில்லை.

ஜனவரி 22, புதன்

இன்றும் வரவில்லை. கதவைத் தட்டினேன். ஃப்ளோரா ஆன்ட்டி பாதிக் கதவு திறந்து, “அண்ணன் படுத்திருக்கார்” என்றார்.

“உடம்புக்கு என்ன ஆன்ட்டி?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லை.”

“சனிக்கிழமை தி.நகர்ல டப்பிங்குக்கு ரூம் சொல்லியிருக்கு...”

“உயிரோட இருக்கிறவருக்கு ஊர் பூராவும் அஞ்சலி ஒட்டிட்டு, டப்பிங் வேறயா?” கத்தவில்லை. மெதுவாகச் சொன்னார், அவரும் டீச்சர்தானே. அது இன்னும் மோசம்.

சாவு போஸ்டர் ஒட்டினால் நிஜமாகவே ஏதாவது ஆகிவிடுமா? நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் கீழே இருமல் சத்தம் கேட்டால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். சத்தம் கேட்காவிட்டாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

ஜனவரி 25, சனி

டப்பிங் ரூமை ரத்து செய்தேன். வேறு குரலைப் போட்டுவிடலாம் என்கிறான் ஜீஷான். கடைசிக் காட்சியில் அவர் தன் போஸ்டரைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கடலைப் பார்த்து, “எனக்கு இன்னிக்கு நேரமில்ல, வேற ஆளைப் பாரு” என்று சொல்வார். அந்த ஒரு வரிக்காகத்தான் மொத்தப் படமும். அதை வேறு யார் சொன்னாலும் ஜோக்காகிவிடும்.

அதைவிட, அங்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் படமே இல்லை. ஜீஷானிடம் அதைச் சொன்னேன். “அவர் வேணாம்னு சொல்லலையே?” என்றான். சொல்லவில்லைதான். ஒன்றுமே சொல்லவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது.

ஜனவரி 26, ஞாயிறு

மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அங்கிள் நின்றிருந்தார். ஷேவ் செய்யவில்லை. அவரை இப்படி நான் பார்த்ததே இல்லை.

“அங்கிள், ஸாரி” என்றேன்.

“உன் மேல இன்னாம்மா கோவம். பேரை நான்தானே குடுத்தேன்.” தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். “எல்லாரும் வந்தாங்க கரோலு. நான் முட்டி போட வெச்ச பசங்க கூட மாலையோட வந்தாங்க. ஆஸ்வின் வரல.”

ஆஸ்வின் அண்ணா அவருடைய ஒரே மகன். கொட்டிவாக்கத்தில் இருக்கிறார். இங்கிருந்து பைக்கில் அரை மணி நேரம். ஆறு வருஷமாக இந்தத் தெருவுக்குள் வந்ததில்லை. போஸ்டரின் போட்டோவை அவருடைய பள்ளிக்கூட நண்பர் ஒருவர் அன்றைக்குக் காலையிலேயே அவருக்கு அனுப்பியிருக்கிறார். மறுநாள் பூசை முடிந்து அதை அங்கிளிடம் அந்த நண்பரே சொல்லியிருக்கிறார். “ரெண்டு டிக்கும் நீலமாயிடுச்சாம். பாத்துக்கீறான். பதில் போடல, வரவும் இல்ல.”

அந்தச் சண்டை எனக்குத் தெரியும். ஸ்டெல்லா ஆன்ட்டி அடக்கத்தன்று நானும் கல்லறையில் இருந்தேன், அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஆஸ்வின் அண்ணா துபாயிலிருந்து வந்து சேர்வதற்குள் மண் போட்டு மூடிவிட்டார்கள். கையில் மாலையோடு ஓடி வந்தார். அங்கிள் எல்லார் முன்னாலும், “என் சாவுக்குக்கூட வராதே” என்றார். நம் வீடுகளில் கோபம் வந்தால் சொல்கிற வார்த்தைதான். அம்மா மஸ்கட்டில் இருக்கிற அப்பாவிடம் மாதம் ஒரு முறையாவது போனில் சொல்கிறாள். யாரும் அதை மனதில் வைத்துக்கொள்வதில்லை.

“நான்தானே சொன்னேன்” என்றார் அங்கிள். “சின்ன வயசுலேர்ந்து ஒண்ணு சொன்னாக் கேக்க மாட்டான். இதை மட்டும் கேட்டுக்கீறான் பாரு.”

பிறகு, “படத்தைப் போடும்மா, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா இப்ப குரல் குடுக்க முடியாது” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஈரத் துணியை எடுத்து மடித்திருக்கிறேன். அம்மா திட்டினாள்.

எல்லாம் என்னால். அவர் பாட்டுக்கு இருந்தார். தான் செத்தால் மகன் வருவான் என்று ஒரு மூலையிலாவது நினைத்துக்கொண்டிருந்திருப்பார். வர மாட்டான் என்று போஸ்டர் அடித்துக் காட்டிவிட்டேன்.

ஜனவரி 30, வியாழன்

ஸ்ரீவத்சன் கூப்பிட்டான். அவன்தான் எடிட்டிங். “எங்காத்துக்கு வா, ஒண்ணு காமிக்கணும். சிரிச்சிண்டே இருக்கேன்” என்றான். மயிலாப்பூருக்கு நடந்தே போனேன்.

படத்தின் முடிவில் பெயர்கள் ஓடும்போது பின்னால் வைக்கத் தெருக் காட்சி ஏதாவது வேண்டும் என்று, அன்று ஜீஷான் நிறுத்தாமல் விட்டுவிட்டுப் போன கேமராவில் பதிவானதை முழுக்க ஓட்டிப் பார்த்திருக்கிறான். எங்களில் யாரும் அதைப் பார்க்கவே இல்லை. கூட்டம் அங்கிளைச் சுற்றி நிற்கிறது, அவர் கையை ஆட்டிக் கத்துகிறார். “அங்க பாக்காத, ஓரத்தைப் பாரு” என்றான்.

டீக்கடை முனையில் ஒரு பைக் வந்து நிற்கிறது. ஹெல்மெட் போட்ட ஆள். கைப்பிடியில் பிளாஸ்டிக் கவரில் பெரிய மாலை. இறங்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றுகிறார். கூட்டத்துக்கு மேலே எம்பிப் பார்க்கிறார். “டெட் பாடி டீ வாங்கிக் குடுக்கறதைப் பாத்துட்டான், அதான் ஆள் ஷாக்” என்று வத்சன் சிரித்தான்.

வத்சனுக்கு அவரைத் தெரியாது. எனக்குத் தெரியும். சைக்கிளின் பின் சீட்டைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்.

ஆஸ்வின் அண்ணா பெட்ரோல் டேங்கின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறார். தோள் குலுங்குகிறது. அழுகிறாரா சிரிக்கிறாரா, அவ்வளவு தூரத்திலிருந்து தெரியவில்லை. அப்படியே இருக்கிறார். அங்கே வீடியோ முடிந்துவிடுகிறது, கார்டு நிரம்பிவிட்டது.

வந்திருக்கிறார். வத்சன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து அழுதேன். அவனுடைய அம்மா காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார்.

ஜனவரி 31, வெள்ளி

இரவே போய்க் காட்டியிருக்க வேண்டும். ஏன் காட்டவில்லை?

ஏனென்றால் வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தேன். யோசிக்காமல் இருக்க எனக்கு எப்போது தெரிந்திருக்கிறது? ஆஸ்வின் அண்ணா வந்தார், சரி. அப்பா உயிரோடு இருப்பதைப் பார்த்தார். அப்புறம்? ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார். செத்தால் வருவான், இருந்தால் வர மாட்டான் என்பதற்குத்தானே இது சாட்சி? வரவே இல்லை என்பதைவிட இது மோசமில்லையா? அங்கிள் இதைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டால்?

பிப்ரவரி 1, சனி

ஜீஷானோடு பெரிய சண்டை. வத்சன் அவனுக்கு அதை அனுப்பிவிட்டான்.

“மச்சி, இதான் நம்ம கடைசி ஷாட். இதை வெச்சா ப்ரைஸ் நமக்குத்தான், எவனும் கிட்ட வர முடியாது.”

“அவர் நடிக்கலடா. அவருக்கே தெரியாதுடா.”

“முகம் சரியாத் தெரியல. யாருக்குத் தெரியப் போவுது?”

“அவங்கப்பாவுக்குத் தெரியும்.”

“தெரியட்டுமே! நல்லதுதானே?”

அவன் சொல்வது தப்பு என்று கத்தினேன். ஆனால் வீட்டுக்கு வந்து கண்ணை மூடினால் படம் அந்த ஷாட்டில்தான் முடிகிறது. எவ்வளவு நன்றாக இருக்கிறது! அது எனக்கே தெரிகிறது, அதனால்தான் அவ்வளவு கத்தினேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

அங்கிள் கோவிலுக்கு வரவில்லை. மூன்று ஞாயிற்றில் இது இரண்டாவது. ஆர்மோனியம் வாசிக்கிறவர் என்னிடம் வந்து, “சாருக்கு என்னம்மா?” என்கிறார். எல்லாரும் என்னிடமே கேட்கிறார்கள்.

பிப்ரவரி 3, திங்கள்

சாப்பிட முடியவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். கடைசியில், “அது அவர் புள்ளையோட படம். உன்னோடதா, வெச்சிக்கறதா வேணாமான்னு நீ யோசிக்கறதுக்கு?” என்றாள். பிறகு என்னையும் கீரை ஆயச் சொன்னாள்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காட்டிவிட்டேன்.

ஃப்ளோரா ஆன்ட்டி மார்க்கெட் போன நேரம் பார்த்து லேப்டாப்போடு போனேன். அங்கிள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். “இன்னா, படமா?” என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். நான் வீடியோவை ஓட்டினேன். முதலில் தன்னைப் பார்த்துச் சிரித்தார். டீக்கடை முனையை விரலால் காட்டினேன்.

பைக் வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றியதும் அங்கிள் எழுந்தே விட்டார். “பெருசு பண்ணு, பெருசு பண்ணு.” பெரிதாக்கினால் உருவம் கலைந்துவிடும் என்றேன். திரைக்கு அவ்வளவு கிட்டத்தில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தார்.

“இளைச்சிட்டான்” என்றார்.

மறுபடி போடச் சொன்னார். மறுபடி. எத்தனை தடவை என்று தெரியவில்லை.

“அப்புறம்?”

“அப்புறம் இல்ல அங்கிள். கேமரா நின்னுடுச்சு.”

“எப்பப் போனான்னு தெரியாது?”

“தெரியாது.”

திடீரென்று கட்டிலை ஓங்கித் தட்டினார். “பாத்தியா, கேக்கல பாத்தியா? வராதேன்னு சொன்னேன், வந்து நிக்கிறான் ராஸ்கல். இன்னிக்கி வரைக்கும் சொன்னதைக் கேக்க மாட்டான்!” சிரித்துக்கொண்டே சொன்னார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நான் பயந்த கேள்வி வந்தது. “நான் இருக்கேன்னு பாத்த பெறவு ஏன் உள்ள வரல?”

ஐந்து நாளாக இதற்குப் பதில் யோசித்து வைத்திருந்தேன். நான்கைந்து விதமாக. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, “தெரியல அங்கிள்” என்றேன்.

கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். அப்புறம் அவரே, “சாவுக்கு வராதேன்னு சொன்னேன். வாடான்னு என்னிக்காவது சொல்லிக்கீறனா?” என்றார். என்னிடம் கேட்டது மாதிரி இல்லை.

நான் கிளம்பும்போது, “இது படத்துல வருதா?” என்றார்.

“இல்ல அங்கிள்.”

சொன்ன பிறகுதான் முடிவு செய்துவிட்டேன் என்று எனக்கே தெரிந்தது. ஜீஷான் என்னைக் கொல்லப் போகிறான்.

பிப்ரவரி 5, புதன்

அந்த ஷாட் வேண்டாம் என்றதிலிருந்து ஜீஷான் பேசவில்லை. வத்சன் மட்டும், “அழிச்சுட்டேன். நன்னா அழிச்சுட்டேன், தேடினாலும் கிடைக்காது. அங்கிளுக்கு ஒரு காப்பி பென் டிரைவ்ல இருக்கு” என்று மெசேஜ் போட்டான்.

பிப்ரவரி 6, வியாழன்

டப்பிங். அங்கிள் ஷேவ் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். தி.நகரில் ஒரு சந்து மாடியில் சின்ன அறை, ஏ.சி. சத்தம் கேட்கும் என்று அதையும் நிறுத்திவிட்டார்கள். வேர்த்துக் கொட்டியது.

எழுதி வைத்திருந்தது ஒரு கிண்டல் வசனம். அன்று கடற்கரையில் அவர் அதைக் கிண்டலாகத்தான் சொன்னார். இன்று அப்படிச் சொல்லவில்லை. “எனக்கு இன்னிக்கு நேரமில்ல. வேற ஆளைப் பாரு.” நிஜமாகவே அவசர வேலை இருக்கிறவர் சொல்வது மாதிரி இருந்தது. இன்னொரு டேக் போகலாமா என்று சவுண்டுக்காரர் கேட்டார். வேண்டாம் என்றேன். எதற்கும் இரண்டு டேக் கேட்கிறவள் நான்.

கண்ணாடிக்குப் பின்னால் ஜீஷான் வந்து நின்றிருந்தான். “சரி மச்சி” என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

பிப்ரவரி 8, சனி

அனுப்பியாகிவிட்டது. அனுப்பிய பிறகு மூன்று தடவை திறந்து பார்த்தேன், சரியான படத்தைத்தான் அனுப்பினேனா என்று.

பிப்ரவரி 14, வெள்ளி

அங்கிளுக்கும் ஃப்ளோரா ஆன்ட்டிக்கும் அழைப்பு கொடுத்தேன். அங்கிள் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வருகிறேன் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அரங்கத்தில் ஜனங்கள் சிரிப்பார்களே, அன்று கோவிலில் சிரித்தது மாதிரி, அவர் போஸ்டரைப் பார்த்து. அதை அவர் உட்கார்ந்து கேட்க வேண்டுமா? இதை முன்னாலேயே யோசித்திருக்க வேண்டாமா நான்?

பிப்ரவரி 15, சனி

வீட்டுக்கு வந்துவிட்டேன். வரிசையாக.

அரங்கம் நிறைந்திருந்தது. எங்களுடையது நான்காவது படம். மூன்றாவது படம் ஓடும்போதெல்லாம் நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கிளுக்காக வைத்திருந்த இரண்டு சீட்டில் என் பையும் ஜீஷானின் ஹெல்மெட்டும்தான் உட்கார்ந்திருந்தன. எங்கள் பெயர் திரையில் வரும்போது கதவு திறந்தது. ஃப்ளோரா ஆன்ட்டி. தனியாக. கோவிலுக்குக் கட்டுகிற நல்ல புடவை கட்டியிருந்தார்.

திரையில் போஸ்டர் வந்தது, எல்லாரும் சிரித்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. ஆன்ட்டி வந்து பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அங்கிள் எங்க? அவருக்கு என்ன ஆன்ட்டி?”

“படத்தைப் பாரு” என்றார்.

கடற்கரை வந்தது. அந்த வரி வந்தது. யாரும் சிரிக்கவில்லை. பிறகு கைதட்டல். ஆன்ட்டியும் தட்டினார், மெதுவாக, கைக்குட்டையோடு.

பரிசு இல்லை. நடுவர்களில் ஒருவர், தொடக்கம் பிரமாதம், முடிவுக்கு இன்னும் ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது என்றார். ஜீஷான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. வலித்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போதுதான் ஆன்ட்டி சொன்னார். “கிளம்பித்தான் வந்தோம். லஸ் கிட்ட வரும்போது ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். ‘நீ போய்ப் பாரு ஃப்ளோரா, என் மூஞ்சிய நான் பாக்கறதுக்கு இன்னா இருக்கு’ன்னார். இறங்கிட்டார்.”

“எங்க போனார்?”

“கொட்டிவாக்கம் பஸ்ல ஏறினார். நான் பார்த்தேன்.”

“போன் பண்ணீங்களா?”

“எடுக்கலை.” ஆன்ட்டி ஆட்டோவில் ஏறிக்கொண்டு, “வீட்டு நம்பர் கூட அவருக்குத் தெரியாது” என்றார்.

மணி ஒன்பதாகப் போகிறது. கீழ் வீட்டில் விளக்கு எரிகிறது. அங்கிள் இன்னும் வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

வரவில்லை. ‘இங்கதான் இருக்கேன்’ என்று ஆன்ட்டிக்கு ஒரே ஒரு மெசேஜ். இங்கே என்றால் எங்கே? ஆன்ட்டியும் நானும் அதையே மாற்றி மாற்றிப் படித்தோம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

காலையில் ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டுக் கையில் ஒரு பை கொடுத்தார். சர்க்கரை மாத்திரை, ஷேவிங் செட், நான்கு சட்டை. விலாசம் ஒரு துண்டுச் சீட்டில். அங்கிள் போனில் சொன்னாராம். வேறு என்ன சொன்னார் என்று கேட்டேன். “அங்க குழாய்ல தண்ணி நல்லா வருதாம்” என்றார் ஆன்ட்டி, எரிச்சலாக. பிறகு ஐந்தாவதாக ஒரு சட்டையை எடுத்து வந்து திணித்தார்.

ஜீஷானின் வண்டியை வாங்கிக்கொண்டு போனேன். வழியெல்லாம் என்ன பேசுவது, என் முகத்தைப் பார்த்ததும் ஆஸ்வின் அண்ணா என்ன சொல்வார், போஸ்டர் அடித்தவள் என்று திட்டுவாரோ என்றே யோசித்துக்கொண்டு போனேன். இரண்டாவது மாடி. பெல் அடித்தேன். ஆஸ்வின் அண்ணாதான் கதவைத் திறந்தார். என்னையும் பையையும் பார்த்தார், பையை வாங்கிக்கொண்டார்.

“அப்பா குளிச்சிக்கினு இருக்காரு. உக்காரு” என்றார்.